கூழாங்கல்லும் குளிர்கால விடுமுறையும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கத்து அன்பர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே பேச்சுத்தான். ஜி.டி.யில் இடம் கிடைத்ததா, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல் எத்தனையில் நிற்கிறது? எனக்கு அந்தக் கவலை இல்லை. என் எட்டாவது வயதில் அப்பாவின் உத்தியோகத்தை முன்னிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து டில்லிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எங்களுடையது. விடுமுறை என்றால் மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு; ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தைக்கூட மறைத்து நிற்கும் மூடுபனி. அப்படி அடைந்து கிடந்த நாட்களில் நான் கற்றுக்கொண்ட கைவேலை ஒன்றைப் பற்றி எழுதும்படி மலராசிரியர் பணித்திருக்கிறார். கூழாங்கற்களுக்கு வர்ணம் தீட்டி அலங்காரப் பொருளாக்குவதுதான் அது.

"இதில் எழுத என்ன இருக்கிறது? கல்லை எடு, கழுவு, வர்ணத்தைப் பூசு!" என்று நண்பர்கள் சிரிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொங்கல் வரையில்கூட நிற்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் அம்மாவுக்கு டில்லியில் பிடிக்காதது ஒன்றே ஒன்று: வாசல் இல்லாதது. ஊரில் விடியற்காலையில் சாணம் தெளித்துக் கோலமிட்டுப் பழகியவள், இங்கே படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் பதின்மூன்று ஆண்டுகள் சமாளித்தாள். பிறகு எங்கள் கட்டடத்து நிர்வாகிகள் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பொதுப் படிக்கட்டில் மாவு சிந்தக் கூடாது, எறும்பு வருகிறது என்று. போதாததற்கு அம்மாவின் முழங்கால் வலியும் அந்த ஆண்டுதான் ஆரம்பம். மறுநாளே கோலப்பொடி டப்பா பரண் ஏறிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தையாவது சொல்லியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த டிசம்பரில் ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் யாத்திரை வந்தார்கள். டில்லியில் உறவுக்காரன் இருந்தால் ஹரித்வாரத்துக்குத் துணை தேட வேண்டியதில்லை என்பது நம்மவர் கண்ட உண்மை! மாமா கங்கையில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது, நான் குளிர்காலத்தில் நீர் வற்றிய கரையோரமாக நடந்து பத்துக் கற்களைப் பையில் போட்டுக்கொண்டேன். வாசலில் கோலம் போடக் கூடாதென்றால், கல்லில் போட்டு வாசலில் வைத்துவிடுவது என்பது என் திட்டம்.

கல்லைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஹரித்வாரம் கங்கை மலையை விட்டுச் சமவெளியில் இறங்குகிற இடம். இமயமலையிலிருந்து பெயர்ந்த பாறைத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, மூலை தேய்ந்து, உருண்டையாகி அங்கே வந்து சேர்கின்றன. அதற்கும் கீழே போகப் போகக் கற்கள் குறைந்து மணலும் வண்டலும்தான் மிஞ்சும். அதனால்தான் டில்லியின் யமுனையில் தேடினால் வழவழப்பான கூழாங்கல் அகப்படாது. ஆரவல்லி மலையின் வால் போன்ற ரிட்ஜ் மேட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை ஆற்றில் உருளாதவை, முனை முறியாதவை, கோலத்துக்கு ஆகாதவை.

பத்துக் கற்களுக்குமேல் எடுக்காததற்குக் காரணம் உண்டு. கல்லின் அடியில் பூச்சிகளும் மீன் குஞ்சுகளும் குடியிருக்கின்றன. மேலும், கங்கைப் படுகையில் கல் அள்ளும் தொழிலை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்து 2011-இல் உயிர்நீத்த சுவாமி நிகமானந்தர் ஹரித்வாரத்து மடத்தைச் சேர்ந்தவர். லாரி லாரியாக அள்ளுவது வேறு, கைக்குட்டையில் முடிவது வேறு என்றாலும், அந்தக் கரையில் குனிந்தபோது அவர் நினைவு வராமல் இல்லை. காப்புக் காடுகளுக்குள்ளும் சரணாலயங்களுக்குள்ளும் ஒரு கல்லைக்கூடத் தொடாதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம்.

வீட்டுக்கு வந்ததும் கற்களைக் கழுவித் துணியால் துடைத்து, அன்று இரவே பால்கனியில் உட்கார்ந்து அக்ரிலிக் வெள்ளையால் கோலம் தீட்டினேன். அம்மா சொல்லச் சொல்லப் புள்ளி வைத்தேன்: ஊடுபுள்ளி, நடுவரிசை ஐந்து, மூன்றில் நிறுத்து, மொத்தம் 19 புள்ளி. பிறகு கடையில் வாங்கிய தெளிப்பு வார்னிஷை அடித்தேன். மறுநாள் காலை பார்த்தால் கற்களின்மேல் பால் கொட்டியதுபோல் ஒரு மங்கல். பத்து நாள் கழித்து, சரியாகப் போகியன்று, என் தங்கை ஒரு கல்லை எடுத்துத் துடைத்தாள். பாதிக் கோலம் துணியோடு வந்துவிட்டது. "அண்ணா, நீ படிப்பது கெமிஸ்ட்ரிதானே?" என்றாள். அம்மா மட்டும் அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

கல் எங்கே தவறியது, நான் எங்கே தவறினேன் என்று அடுத்த சில வாரங்கள் ஆராய்ந்தேன். கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதல் குற்றவாளி ஈரம். கல் என்றால் கெட்டி என்று நினைக்கிறோம். மணற்கல்லின் உள்ளே நுண்ணிய துளைகள் எண்ணற்றவை. துடைத்துவிட்டு நிறுத்தபோது 318.4 கிராம் இருந்த ஒரு மணற்கல், நான்கு நாள் வெயிலில் காய்ந்தபின் 311.9 கிராமுக்கு வந்தது. ஆறரை கிராம் நீர்! (பரிசோதனைச்சாலைத் தராசில் கூழாங்கல் ஏறியதைப் பேராசிரியர் கண்டும் காணாதவராய் இருந்தார். அவருக்கு என் வணக்கம்.) அதே நாட்களில் குவார்ட்ஸைட் கல் ஒன்று அரைக் கிராம்கூட இழக்கவில்லை. ஆக, மேற்பரப்பு உலர்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே இருக்கிற நீர் வெளியேறும்போது வர்ணப் படலத்தைத் தள்ளிக்கொண்டுதான் வரும். கரைந்திருக்கும் உப்பையும் கூடவே கொண்டுவந்து வெள்ளையாகப் பூக்க வைக்கும். பழைய சுவர்களின் சுண்ணாம்பு உதிர்வதும் இந்தக் கதைதான். வீட்டில் தராசு இல்லாதவர்கள் நான்கைந்து நாள் வெயிலில் புரட்டிப் போட்டால் போதும். அவசரப்பட்டு அடுப்பிலோ அவனிலோ வைத்துவிடாதீர்கள். உள்ளே அகப்பட்ட நீர் ஆவியாகி விரிந்தால் கல் வெடித்துச் சிதறும்; கண் போய்விடும்.

இரண்டாவது குற்றவாளி வழவழப்பு. குவார்ட்ஸைட் கல் ஆற்றில் தேய்ந்து கண்ணாடி போல் ஆகிவிடுகிறது. வர்ணத்துக்குப் பிடிமானம் இல்லை. சாதாரண உப்புத்தாள் அதன்மேல் பலிக்காது. கார் பட்டறைகளில் பயன்படுத்தும் கறுப்பு வாட்டர் பேப்பரில் இருப்பது சிலிக்கான் கார்பைடு, குவார்ட்ஸைவிடக் கடினமானது. அதை நனைத்துக்கொண்டு தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். நனைக்காமல் தேய்க்கவே கூடாது. பறக்கும் சிலிகா தூள் நுரையீரலில் தங்கி நோய் தருவது. கல் உடைக்கும் தொழிலாளரைக் கேட்டால் சொல்வார்கள்.

கழுவும்போது எலுமிச்சம்பழம் தேய்த்தால் பளிச்சென்று இருக்கும் என்று அத்தை யோசனை சொன்னாள். பாத்திரத்துக்குச் சரி. என் பத்துக் கற்களில் இரண்டு சுண்ணாம்புக் கற்கள். ஒரு துளி வினிகர் விட்டதும் நுரைத்துக் கரியமில வாயுவை வெளியிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டன. அமிலம் பட்ட சுண்ணாம்புக்கல்லின் மேல்தோல் அரிக்கப்பட்டுவிடும். சோப்பும் பழைய பல் துலக்கியும் போதும். சோப்பு மிச்சமில்லாமல் அலசுவதுதான் முக்கியம்.

இவையெல்லாம் சில்லறைக் குற்றவாளிகள். உண்மையான குற்றவாளி டில்லிக் குளிர்.

அக்ரிலிக் வர்ணம் என்பது நீரில் கரைந்த வர்ணம் அல்ல. பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல, அதில் பிசின் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நிறமித் துகள்களும் கூடவே கிடக்கின்றன. பூசியபின் நீர் ஆவியாகப் போகப் போக, பிசின் துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகின்றன. இதற்குத் துகள்கள் மிருதுவாக இருக்கவேண்டும். மோர் கடையும்போது பாருங்கள். பதமான சூட்டில் வெண்ணெய்த் துணுக்குகள் தாமே கூடி உருண்டையாகும். மிகவும் குளிர்ந்துவிட்டால் மணல்மணலாகத் தனித்து நிற்கும். அக்ரிலிக்குக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் நீர் மட்டும் போய்விடும், துகள்கள் சேராது. பார்வைக்குக் காய்ந்தது போலவே இருக்கும். தொட்டால் மாவாக உதிரும். ஜனவரி இரவில் எங்கள் பால்கனியில் இருப்பது 6 டிகிரி, 7 டிகிரி. தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாத ஊரில், நள்ளிரவில் வர்ணம் தீட்டினால் என்ன ஆகும்? தங்கையின் கைத்துணிதான் பதில்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. காற்று சூடாக இருந்தால் மட்டும் போதாது, கல்லும் சூடாக இருக்கவேண்டும். கல் கனமானது, இரவெல்லாம் வாங்கிய குளிரை எளிதில் விடாது. பகல் 11 மணிக்கு வெயில் 16 டிகிரியைக் காட்டும்போதும் நிழலில் கிடந்த கல் தொட்டால் சில்லென்றிருக்கும். அந்தக் கல்லைச் சமையலறைக்குக் கொண்டுபோனால், சாதம் வடிக்கும் ஆவி அதன்மேல் பனித்துளியாகப் படியும். அந்த ஈரத்தின்மேல் வர்ணமா? ஆகவே கல்லை முதலில் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லிப்புப் போனபின் தீட்டவேண்டும். பகல் 11 முதல் 3 வரைதான் நல்ல நேரம். பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். தீட்டிய கற்களைச் சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிடவேண்டும். அறையைச் சூடாக்குகிறேன் என்று கதவை மூடி அங்கீட்டி வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடநாட்டுப் பத்திரிகைகளில் அந்தச் செய்தி வராமல் இருப்பதில்லை. வெறும் மேஜைவிளக்குச் சூடு போதுமென்றால், இப்போதைய எல்.இ.டி. பல்புகளில் அந்தச் சூடும் அவ்வளவாகக் கிடையாது!

பால் கொட்டிய மாதிரி மங்கல் வந்ததற்கும் குளிர்தான் காரணம், ஆனால் வேறு வழியில். தெளிப்பு வார்னிஷில் இருக்கும் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும். மண்பானை நீரைக் குளிர்விப்பதுபோல, அது போகும்போது கல்லின் முகத்தைக் குளிர வைத்துவிடுகிறது. மூடுபனி நாளில் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த நுண்துளிகளும் வெற்றிடங்களும்தான் பால் நிறம். காய்ந்த வெயில் நாளில் மெல்லியதாக இன்னொரு பூச்சு அடித்தால் பழைய பூச்சு இளகி மங்கல் நீங்குவதுண்டு. என் கற்களில் மூன்று அப்படிப் பிழைத்தன. திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாதபடி அடிக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நிறங்களைப் பற்றியும் கொஞ்சம். அம்மா அரிசிமாவையே வர்ணமாக்கப் பார்த்தாள். மாவைப் பிசினில் குழைத்துக் கல்லில் தீட்டினோம். ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தெரிந்தது, காய்ந்தால் வெளுக்கும் என்று காத்திருந்தோம். மாக்கோலம் அப்படித்தானே? போடும்போது நீர்த்தாற்போல் இருந்து, காய்ந்ததும் பளீரென்று எழும். ஆனால் பிசினில் குழைத்த மாவு காய்ந்ததும் இருந்த வெண்மையும் போய்விட்டது!

ஏன்? வெண்மை என்பது மாவில் இல்லை, மாவுக்கும் அதைச் சுற்றியுள்ள பொருளுக்கும் இடையே ஒளி சிதறுவதில் இருக்கிறது. ஒளிவிலகல் எண் மாவுக்குச் சுமார் 1.5, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. நீர் போய்க் காற்று புகுந்ததும் வித்தியாசம் அதிகமாகிறது, கோலம் வெளுக்கிறது. பிசினுக்கும் எண் ஏறக்குறைய 1.5 தான். வித்தியாசமே இல்லாததால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. வர்ணப் புட்டியில் இருக்கும் வெள்ளையான டைட்டானியம் டை ஆக்ஸைடின் எண் 2.7 வரை போகும்; எந்தப் பிசினில் முக்கினாலும் அதன் வெண்மை மறையாது. இதை நான் விளக்கி முடித்ததும், "அப்போ மாக்கோலம் வெளுக்குறது காத்தாலயா?" என்று அம்மா கேட்டாள். ஐம்பது ஆண்டு கோலம் போட்ட கைக்கு அது புதுச் செய்தியாக இருந்ததில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.

மஞ்சளுக்கு மஞ்சள்பொடி என்றாள் தங்கை. ஒரு வார வெயிலில் வெளிறிப்போயிற்று. மஞ்சளின் நிறம் ஒளி பட்டால் சிதைகிற கரிமப் பொருள். காவி அப்படியல்ல. அது இரும்பு ஆக்ஸைடு. துருப்பிடிக்க வேண்டிய அளவெல்லாம் துருப்பிடித்து முடித்த பொருள். வெயில் அதை இனி என்ன செய்துவிடும்? மத்தியப் பிரதேசத்தில் போபாலுக்கு அருகே பீம்பேட்கா குகைகளை 1957-இல் வாகண்கர் கண்டுபிடித்தார். அங்கே பாறைச் சுவர்களில் ஆதி மனிதர் காவியில் தீட்டிய மிருகங்கள் பல ஆயிரம் ஆண்டு கழித்தும் சிவப்பாகவே நிற்கின்றன. மழை படாத குகைக் கூரையும், நிறம் உள்ளே இறங்கிய மணற்கல்லும் துணை. நம் விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலையிலும் சிவப்புப் பாறை ஓவியங்கள் உண்டு. கோலத்தைச் சுற்றிக் காவிப் பட்டை இழுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய உறவு ஞாபகம் வருகிறது. மஞ்சள் காவியை வாணலியில் வறுத்தால் அதிலுள்ள நீர்க்கூறு நீங்கிச் செங்காவி ஆகிவிடும் என்பதையும் செய்து பார்த்தேன். வாணலி அதன்பிறகு என்னுடையதாகிவிட்டது.

பழைய எனாமல் டப்பாக்களைத் தோண்டியெடுத்துப் பூசாதீர்கள். அவற்றில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சிறு குழந்தை உள்ள வீட்டில் கல் வாய்க்குப் போகாதென்று யார் உத்தரவாதம் தருவது?

சென்ற குளிர்காலத்தில் இத்தனையும் பார்த்துத் தீட்டிய எட்டுக் கற்கள் இன்றுவரை உதிரவில்லை. தண்ணீரில் முக்கினேன், துணியால் தேய்த்தேன், தங்கையிடமே கொடுத்தேன். உதிரவில்லை. வெற்றி மிதப்போடு அவற்றை வாசலில் வரிசையாக வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பிறகு மெதுவாக, "ஏலே, நேத்துப் போட்ட கோலம் இன்னைக்கும் அப்படியே கிடந்தா அதுக்குப் பேரு கோலமா?" என்றாள்.

இரண்டு ஆண்டு ஆராய்ச்சியில் நான் கேட்க மறந்த கேள்வி அது! அழியாமல் இருப்பது எப்படி என்றே நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அவளுக்கு வேண்டியதோ காலையில் போட்டு மறுநாள் அழிக்கிற ஒன்று. சில நாட்கள் எட்டுக் கற்களையும் தினம் ஒன்றாக மாற்றி வைத்தாள், என் மனம் நோகக் கூடாதென்று. அது எனக்குப் புரியாமல் இல்லை.

பிறகு கட்டடச் சாமான் கடையில் காங்ராப் பக்கத்து ஸ்லேட் பலகை ஒன்று, ஓரடிச் சதுரம், வாங்கி வந்தேன். கருஞ்சாம்பல் நிறம், தட்டையானது. கழுவி, உலர்த்தி, எடை மாறாத நிலைக்குக் கொண்டுவந்து, நல்ல வெயில் நாளில் நிறமில்லாத வார்னிஷ் மட்டும் இரண்டு பூச்சு அடித்தேன். அதில் நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அம்மா காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டு, அரைத்த அரிசிமாவைத் துணியில் நனைத்து மாக்கோலம் இழைக்கிறாள். முழங்கால் மடிக்க வேண்டியதில்லை. படிக்கட்டில் மாவு சிந்துவதுமில்லை. காய்ந்ததும் நானோ தங்கையோ கொண்டுபோய்க் கதவருகே சாய்த்து வைக்கிறோம். மறுநாள் காலை குழாயடியில் ஒரு கழுவு, மறுபடி கருங்கல். எட்டு வர்ணக் கற்களில் ஒன்று எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் போயிருக்கிறது. அறிவிப்பு ஒட்டியவர்களில் அவர் வீட்டுக்காரரும் ஒருவர்.

கைவேலையில் ஆசையுள்ள அன்பர்களுக்கு ஒரு தகவல். இந்தப் பொங்கல் விழாவன்று காலை 11 மணிக்கு, வெயில் இருந்தால் சங்க அறையின் மொட்டைமாடியில், இல்லாவிட்டால் அறைக்குள்ளே, கல் தீட்டப்போகிறோம். இருபது கற்கள் தயாராக இருக்கின்றன. கழுவியாயிற்று, வாட்டர் பேப்பர் போட்டாயிற்று, எடையும் பார்த்தாயிற்று. தூரிகை மட்டும் அவரவர் கொண்டுவரவும்.